'போ.' என்றொரு இனிஷியல்

கேள்வி: என் அப்பா பெயர் போஸ். 1946-ல் பிறந்தவர். பேரனுக்கு அந்தப் பெயரை வைக்க ஆசை. கொல்கத்தாவில் வேலை பார்க்கும் மகனோ, "அது இங்கே குடும்பப் பேருப்பா, அதைப் போய் பிள்ளைக்கு வைக்கிறதா?" என்று சிரிக்கிறான். வைக்கலாமா?
– பரமக்குடி வாசகர்

பதில்: தாராளமாக வையுங்கள்.

மகன் சொல்வது அந்த ஊருக்குச் சரி. மேற்கு வங்க முதல்வராக இருந்த ஜோதி பாசுவின் 'பாசு'வும் சுபாஷ் சந்திர போஸின் 'போஸ்'ஸும் ஒரே குடும்பப் பெயர்தான். எழுதும் விதம் மட்டும் வேறு. அங்கே தெருவில் நின்று "போஸ்!" என்றால் பத்துப் பேர் திரும்புவார்கள்.

நமக்குக் குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லை. பெயருக்குப் பின்னால் இருந்தது சாதி. அதையும் விடச் சொல்லி 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. அதனால் தலைவர் பெயரில் கடைசியாகக் காதில் விழுந்ததே நமக்கு அவர் பெயர். 'நேரு' வந்தது வாய்க்காலைக் குறிக்கும் 'நஹர்' என்ற சொல்லிலிருந்து. அவருடைய முன்னோர் வாய்க்கால் கரையில் குடியிருந்தார்களாம். குஜராத்தியில் 'காந்தி' என்றால் மளிகைக்காரர். இங்கே பிள்ளைக்குக் காந்தி என்று வைத்தவர் யார் மளிகைக் கடையை நினைத்தார்?

உங்கள் பக்கத்தில் போஸ்கள் அதிகம் இருப்பதற்குக் காரணம் உண்டு. 1943-ல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்ததும், மலேயா ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள் திரளாக இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். இந்தப் பக்கம் முத்துராமலிங்கத் தேவர், போஸ் தொடங்கிய ஃபார்வர்டு பிளாக் கட்சியை வளர்த்தார். உங்கள் தாத்தா காதில் எது விழுந்ததோ!

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேடு வாசித்தவன் நான். "காந்தி?" "உள்ளேன் ஐயா." "நேரு?" "லீவு ஐயா." யாருக்கும் சிரிப்பு வந்ததில்லை. போஸின் மகன்கள் விஷயத்தில்தான் சங்கடம். தமிழில் இனிஷியல் 'போ.' ஆகிவிடும், பையனை விரட்டுகிற மாதிரியே வாசிக்க வேண்டும். உங்களுக்குத் தெரியாததா!

இப்போது சின்னப் பெயராகத் தேடித் தேடி வைக்கிறார்கள். இதைவிடச் சின்னதாக எங்கே கிடைக்கும்?

மகனிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். உங்கள் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டத்தில் அப்பா பெயரைத்தானே எழுதியிருப்பீர்கள்? கொல்கத்தா விமான நிலையத்தில் அதை நீட்டிப் பாருங்கள், வங்காளியில் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.