தனியாளாக என்ன செய்ய முடியும்? எம்-புக்கைக் கேளுங்கள்

கேள்வி: எங்கள் ஊரில் போட்ட சிமெண்ட் சாலை ஆறே மாதத்தில் பெயர்ந்துவிட்டது. கேட்டால், "வந்த ஃபண்டு அவ்வளவுதான்" என்கிறார்கள். எனக்குக் கட்சிப் பின்புலம் கிடையாது. தனியாளாக என்ன செய்வது?

பதில்: முதலில் புகார் மனு எழுதாதீர்கள். 'உரிய நடவடிக்கை எடுக்கப்படும்' என்று ஒரு வரி வரும், அதோடு சரி. ஆவணங்களைக் கையில் வாங்குங்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன் கீழ் ஒரு மனு எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஊராட்சி ஒன்றிய அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. 'சாலை ஏன் பெயர்ந்தது?' என்று கேட்டால் பதில் வராது. விளக்கம் கேட்க இந்தச் சட்டத்தில் இடமில்லை. மதிப்பீடு, பணி ஆணை, எம்-புக், பில் ஆகியவற்றின் நகல் கேளுங்கள். எம்-புக் எனும் அளவுப் புத்தகம்தான் முக்கியம். போட்ட சாலையின் நீளம், அகலம், கனம் அதில் இருக்கும். அதில் 15 செ.மீ. கனம் என்றிருந்தால், பெயர்ந்த ஓரத்தில் ஸ்கேலை வைத்துப் பாருங்கள், போட்டோ எடுங்கள். பணியை நேரில் ஆய்வு செய்யவும் மாதிரி எடுக்கவும் பிரிவு 2(ஜே) உரிமை தருகிறது.

30 நாளில் பதில் இல்லையா? அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் கிடைக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

நகல் கிடைத்ததும் பலர் பீரோவில் பூட்டி வைத்துவிடுகிறார்கள். எனக்கு ஆற்றாமையாக இருக்கும். கிராம சபையில் அதை உரக்கப் படியுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் சபை கூடும். மறு அளவீடு கோரித் தீர்மானம் கொண்டுவாருங்கள். அது தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை அங்கேயே இருங்கள்.

இந்தச் சட்டத்துக்கே வித்திட்டது இப்படிப்பட்ட வாசிப்புதான். ராஜஸ்தானில் சமூகச் செயற்பாட்டாளர் அருணா ராய் உள்ளிட்டோர் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர்-விவசாயிகள் அமைப்பு, 1994 டிசம்பரில் கோட் கிரானாவில் முதல் மக்கள் விசாரணையை நடத்தியது. அரசுப் பணிக் கணக்குகளை ஊர் நடுவே வாசித்தார்கள். கேட்டுக்கொண்டிருந்தவர்களே எது பொய் என்று எழுந்து சொன்னார்கள். இப்படிப்பட்ட கணக்குகளின் நகலைப் பெறும் உரிமை கேட்டு 1996-ல் பியாவரில் 40 நாள் தர்ணா இருந்தார்கள்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். தகவல் கேட்டவர்கள் தாக்கப்பட்டதும் உண்டு. அதனால் உங்கள் தெருவில் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, அதே மனுவை ஆளுக்கொன்றாக அனுப்புங்கள்.