கென்யாவுக்கு குடி போறோம், சிம் நெட்டு நம்ம வேலைக்கு தாங்குமுங்களா?

கேள்வி: வணக்கமுங்கண்ணா, எங்களுக்கு அவிநாசிங்க. ஊட்டுக்காரருக்கு கென்யாவுல, நைரோபி பக்கத்துல ஆத்தி ரிவர்ல கார்மெண்ட்ஸ் வேலை கெடச்சிருக்கு, அடுத்த மாசம் கெளம்பறோம். அங்க பாத்து வெச்சிருக்கற வீட்டுக்கு பைபர் லைன் வரலையாம். நான் திருப்பூர் கம்பெனி ஒண்ணுக்கு வீட்டுல இருந்தே பிரிண்ட் டிசைன் பண்ணி அனுப்பறேன், ஒவ்வொரு பைலும் ஒரு ஜிபி வரும். அங்க 5ஜியா சேட்டிலைட்டா? ரவுட்டர் இங்கிருந்தே வாங்கிட்டு போயிரலாமுங்களா?

பதில்: ரவுட்டரை மட்டும் இங்க வாங்கிராதீங்க அம்மணி. அங்க 4ஜி தூரத்துக்கு எட்டறதுக்கு 800 மெகாஹெர்ட்ஸ்ல பேண்ட் 20ன்னு ஒரு அலைவரிசை ஓடுது, நம்ம நாட்டுல அது கெடையாது, அதனால இங்க விக்கற பல ரவுட்டர்ல அது இருக்கறதில்லீங்க.

அப்பறம் ஸ்பீடு. பிளான் விக்கறவங்க சொல்ற நம்பரு டவுன்லோடு, உங்க சோலிக்கு வேண்டியது அப்லோடு, அதாவது பைல் அனுப்பற வேகம், அதக் கேட்டு வாங்கோணும். ஒரு ஜிபின்னா 8000 மெகாபிட், அப்லோடு 20 எம்பிபிஎஸ், அதாவது செகண்டுக்கு 20 மெகாபிட் கெடச்சா ஏழு நிமிசத்துல போயிரும், 5 தான்னா அரைமணி நேரம் பக்கம் ஆயிரும். அன்லிமிடெட்னு போட்டிருந்தாலும் எத்தனை ஜிபிக்கு மேல ஸ்பீடைக் கொறைப்பாங்கன்னு கேளுங்க.

ஒயர்லெஸ்ல ஒரு டவர்ல வர்றத அந்த ஏரியாவே பங்கு போட்டுக்கறது, வாய்க்கா தண்ணி மாதிரிதான், ஆனா இதுல முறை வெக்கறதெல்லாம் இல்ல, ராத்திரி ஏழுல இருந்து பதினொண்ணு வரைக்கும் எல்லாரும் ஒண்ணா மடையத் தொறந்துருவாங்க. உங்களுக்கு ஒரு நல்லது என்னன்னா கென்யா நமக்கு ரெண்டரை மணி நேரம் பின்னால, திருப்பூர் ஆபீசு ஒம்பதரைக்கு தொறக்கறப்போ அங்க காலைல ஏழு, டவர் காலியா கெடக்கற நேரம், பெரிய பைலெல்லாம் அப்பவே அனுப்பிப்போடுங்க.

5ஜி வேகந்தான், ஆனா ஒசந்த பேண்டுல ஓடறதால கான்கிரீட் செவுத்தத் தாண்டறதுக்குள்ள நெம்ப கொறஞ்சிரும். எங்க தோட்டத்து சாலை வீட்டுக்கும் ஒயர் வராது, சிம் ரவுட்டர்தான், அட்டாலி மேல இருந்தப்போ 8 காட்டுனது டவர் பாத்த ஜன்னலுக்கு மாத்துனதும் 35 வந்துச்சு. அதனால போனதும் மாசக்கணக்கு காண்ட்ராக்ட் எதுலயும் கையெழுத்து போட்றாதீங்க, ரெண்டு கம்பெனி பிரீபெய்டு சிம் வாங்கி போன்ல ஹாட்ஸ்பாட் போட்டு, நீங்க உக்காந்து வேலை செய்யற ரூம்லயே காலைல ஏழுக்கும் ராத்திரி எட்டரைக்கும் ஒரு வாரம் டெஸ்ட் பண்ணிப் பாருங்க, எது நிக்குதோ அந்த கம்பெனி ரவுட்டரை வாங்குங்க. இன்னொரு சிம்மையும் தூக்கிப் போட்றாதீங்க.

ஸ்டார்லிங்க்ங்கற சேட்டிலைட் நெட்டு 2023 ஜூலைல இருந்து கென்யாவுல இருக்குது, அதோட சேட்டிலைட்டெல்லாம் சுமாரா 500 கிலோமீட்டர் ஒசரத்துலயே சுத்தறதால வீடியோ கால் இழுக்காது. 36000 கிலோமீட்டர்ல நிக்கற பழைய சேட்டிலைட் நெட்டு வேண்டாமுங்க, பேசுனா பதில் வரவே அரை செகண்டுக்கு மேல ஆகும். ஆனா ஸ்டார்லிங்கும் கூட்டத்துல திணறும், 2024 நவம்பர்ல நைரோபி சுத்துப்பட்டுல புது கனெக்‌ஷனையே நிறுத்தி வெச்சு அடுத்த வருசந்தான் தொறந்தாங்க. வாடகை வீட்டுல மொட்டைமாடில டிஷ் வெக்க ஓனர் விடுவாரான்னும் கேட்டுக்கங்க.

இன்னொண்ணு, 2024 மே மாசம் கடலுக்கடில ரெண்டு கேபிள் அறுந்து கிழக்கு ஆப்பிரிக்காவுல பல நாட்டுல நெட்டு படுத்துருச்சு, அந்த மாதிரி நாள்ல ரெண்டு சிம் இருந்தும் பெருசா ஆகாது, அதனால பைல் குடுக்கற தேதிய ஒரு நாள் முன்னாடியே வெச்சுக்கறேன்னு திருப்பூர் கம்பெனில இப்பவே பேசிருங்க அம்மணி.