பாட்டி பென்சிலில் எழுதிய அத்தியாயம் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

வணக்கம். போன மாதம் வெள்ளையடிப்பதற்காகப் பரணை ஒழித்தோம். ஒரு தகரப் பெட்டிக்குள் பாட்டியின் ‘பொன்னியின் செல்வன்’ இருந்தது. கல்கி பத்திரிகையில் வாராவாரம் வந்ததைப் பிரித்தெடுத்துச் சேர்த்து, தைத்து, கெட்டி அட்டை போட்ட ஐந்து பைண்டு. பாட்டி கல்யாணமாகி வந்த புதிதில் சேர்த்தது. அம்மா படித்தது அதைத்தான். பத்தாம் வகுப்பு லீவில் நான் படித்ததும் அதைத்தான். நடுவில் முப்பது வருஷம் அது எங்கே போனதென்றே தெரியாது.

மறுபடி ஆசையாக உட்கார்ந்தேன். ராத்திரி தூங்காமல் படித்த அதே பக்கங்களில் இப்போது தட்டித் தட்டி நிற்கிறேன். சொன்னதையே திரும்பச் சொல்வது போல இருக்கிறது. அத்தியாயம் முடிகிற இடத்தில் எல்லாம் ஏதாவது ஒரு திடுக். குறை புத்தகத்திலா, என்னிடமா? இப்படி நினைப்பதே பாட்டிக்குச் செய்கிற துரோகம் போல உறுத்துகிறது.

பதினான்கு வயது மகள் இதை ஒலிப்புத்தகமாகக் கேட்கிறாள். கேட்டுவிட்டு ‘படித்தேன்’ என்கிறாள். அதை ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. கதையில் கொலையாகிற சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனை வைத்து, ‘கரிகாலனைக் கொன்றது யார்?’ என்று தினமும் துளைக்கிறாள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். மூன்றாவது பைண்டில் ஒரு அத்தியாயம் அச்சில் இல்லை. அந்த இடத்தில் கோடு போட்ட நோட்டுத் தாளில் பாட்டி பென்சிலால் முழு அத்தியாயத்தையும் எழுதிச் சேர்த்துத் தைத்திருக்கிறாள். அந்த வாரப் பத்திரிகை எப்படியோ தவறியிருக்கிறது. யாரிடமோ இரவல் வாங்கி எழுதியிருக்க வேண்டும். தாளெல்லாம் ஓரம் உதிர்கிறது. எப்படிக் காப்பாற்றுவது?

அன்புடன்,
ஆர்.

*

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதத்தில் பென்சில் என்ற இடம் வந்ததும் அதற்கு மேல் படிக்க முடியாமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்துவிட்டேன். ஒரு அத்தியாயத்தை முழுக்கக் கையால் எழுதுவதென்றால் வீட்டு வேலை முடிந்த பிறகு எத்தனை ராத்திரி உட்கார்ந்திருப்பார்!

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். குறை உங்களிடம் இல்லை. நீங்கள் கண்டது குறையும் இல்லை. அது வாரத்தின் தழும்பு. 1950 அக்டோபர் 29 முதல் 1954 மே 16 வரை, மூன்றரை வருஷம் வந்த தொடர் அது. ஐந்து பாகம், 293 அத்தியாயம். ஒரு வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் நடுவில் படிக்கிறவருக்கு ஏழு நாள் வாழ்க்கை இருந்தது. குழந்தைக்குக் காய்ச்சல் வந்திருக்கும், ஊரிலிருந்து மனிதர்கள் வந்திருப்பார்கள். கடம்பூர் மாளிகையில் கதாநாயகன் வந்தியத்தேவன் மறைந்திருந்து கேட்ட சதியாலோசனையை ஆசிரியர் கல்கி பிறகு எத்தனையோ தடவை நினைவூட்டுகிறார். ‘இதைத்தான் சொன்னாயே’ என்று உங்களுக்குத் தோன்றுகிறது. உங்கள் பாட்டிக்கு அது, விட்ட இடத்தில் கையைப் பிடித்து ஏற்றிவிடுகிற உதவி. அத்தியாய முடிவில் வரும் திடுக்கும் அப்படித்தான். அது ஏழு நாள் தாங்க வேண்டும். பக்கத்தைப் புரட்டினால் அடுத்த நொடியே விடை கிடைத்துவிடுகிற உங்களுக்கு அது வெறும் வித்தையாகத் தெரிவதில் வியப்பில்லை.

அதற்காக எல்லாமே பொன் என்று சொல்லமாட்டேன். ஐந்தாம் பாகம் மட்டும் 91 அத்தியாயம். அங்கே கதைக்கு மூச்சு வாங்குகிறது. அந்த இடத்தில் நீங்கள் சலித்தால் உங்கள் பாட்டி கோபித்துக்கொள்ள மாட்டார். அவரும் சலித்திருப்பார், ஆனாலும் அடுத்த வாரத்துக்குக் காத்திருந்திருப்பார்.

இப்படிப் பார்த்தால் உங்கள் வீட்டில் பாட்டி படித்த மாதிரி இந்த நாவலைப் படிப்பது உங்கள் மகள்தான். நாளுக்கு ஒன்றோ இரண்டோ அத்தியாயம், அதுவும் காதால். முதல் வாக்கியமே ‘நேயர்களை’ அழைத்துத்தான் தொடங்குகிறது, கவனித்தீர்களா? இன்றைக்கு அந்தச் சொல் வானொலி கேட்கிறவர்களுக்கும் வழங்குகிறது. ஒரு வீட்டுக்கு ஒரு பிரதி வந்த காலம். எழுத்துத் தெரிந்த ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். அந்த உரைநடையின் ஓட்டமும் உரையாடல்களும் வாய்விட்டுப் படித்தால்தான் முழுசாக விரிகின்றன. மகள் ‘படித்தேன்’ என்று சொல்லட்டும்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் இந்த நாவலை முதலில் கேட்டுத்தான் படித்தேன். அம்மா வாசிப்பாள். என் அப்பாவைப் பெற்ற பாட்டிக்கு எழுத்துத் தெரியாது. சுவரில் சாய்ந்து, கால் இரண்டையும் நீட்டி உட்கார்ந்திருப்பாள். வீர வைஷ்ணவன் ஆழ்வார்க்கடியான் வந்தால் அம்மாவின் குரல் தடித்துவிடும். ஓடக்காரப் பெண் பூங்குழலியின் ‘அலைகடலும் ஓய்ந்திருக்க’ பாட்டு வந்தால் தானே போட்டுக்கொண்ட ஒரு மெட்டில் பாடுவாள். மந்தாகினி, அந்த ஊமைப் பெண், அரசர் சுந்தர சோழர் மேல் பாய வந்த வேலைத் தன் மேல் வாங்கிக்கொண்டு சாகிற இடம் வந்தது. அம்மா புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், அதே வாசிக்கிற குரலில், ‘இவளுக்கு ஒரு வாயைக் கொடுக்கலையே பகவான்’ என்றாள். பாட்டி முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கல்லூரியில் சேர்ந்த பிறகு ஐந்து பாகத்தையும் நானாகப் படித்தேன். அந்த வரிக்காகக் காத்துக்கொண்டே போனேன். அந்த இடம் வந்தது, வரி இல்லை. முன்னும் பின்னும் புரட்டினேன். எங்கேயுமே இல்லை. அம்மாவிடம் கேட்டபோது, ‘நானா சொன்னேன்?’ என்றாள். இன்றுவரை அந்த அத்தியாயத்தில் எனக்கு முதலில் கேட்பது அச்சில் இல்லாத அந்த வரிதான்.

பதினைந்து வயது மறுபடி வராது என்பது நிஜம். ஆனால் அந்த வயதில் நீங்கள் தாண்டிக் குதித்துப் போன பக்கங்கள் அப்படியே காத்திருக்கின்றன. அப்போது நான் வந்தியத்தேவனின் குதிரையோடு ஓடிக்கொண்டிருந்தேன். ஆடிப் பதினெட்டு, வீரநாராயண ஏரியின் 74 கணவாய்களிலும் பாய்கிற தண்ணீர், அந்த உற்சாகமே போதுமாக இருந்தது. சுந்தர சோழர் வந்தாலே பக்கத்தைத் தள்ளுவேன். கால் நடக்க முடியாமல் படுத்துக்கிடக்கிற கிழவர், எதற்கெடுத்தாலும் வருத்தப்படுகிறவர் என்று தோன்றும். என் அப்பா கடைசி இரண்டு வருஷம் படுக்கையில் இருந்தார். அதற்குப் பிறகு படித்தபோது அந்த அரசரை விட்டு நகரவே முடியவில்லை. தன்னால் ஒரு பெண் உயிரை விட்டாள் என்று நம்பி, இரவில் அவள் வந்து நிற்பதாக எண்ணி அலறும் மனிதர். அதைத் தன் மகள் குந்தவையிடமே சொல்லவும் வேண்டியிருக்கிறது, சொல்லக் கூசுகிறது. உங்களுக்கு எந்தப் பாத்திரம் இப்போது புதிதாகக் கண்ணில் படுகிறது? பெரிய ராணி செம்பியன் மாதேவியைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள்.

கரிகாலன் விஷயத்துக்கு வருகிறேன். கடம்பூர் மாளிகையின் அந்த அறையில் விளக்கு அணைந்ததும் என்ன நடந்தது என்பதை ஆசிரியர் உறுதியாகச் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை என்று நான் நினைக்கிறேன். ஆளாளுக்கு ஒருவர் மேல் சந்தேகம். என் பாட்டி கடைசிவரை, அந்த அறையில் இருந்த நந்தினி மேல் பழியைப் போட விடவில்லை. மகளுக்குப் பதில் சொல்லிவிடாதீர்கள், அவள் யாரைச் சொல்கிறாள் என்று கேளுங்கள்.

ஆனால் சரித்திரத்தில் ஒரு பதில் உண்டு. காட்டுமன்னார்கோவில், உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயிலில் ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. ‘பாண்டியனைத் தலைகொண்ட கரிகாலச் சோழனை’க் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்ற சகோதரர்களின் பெயரைச் சொல்லி, அவர்களும் உறவினர்களும் வைத்திருந்த நிலத்தைப் பறித்ததைப் பேசுகிறது. வந்தியத்தேவன் முதல் அத்தியாயத்தில் குதிரையில் வருகிற வீரநாராயண ஏரி, இன்றைய வீராணம், அதே ஊரை ஒட்டித்தான் கிடக்கிறது. கதை தொடங்குகிற கரைக்குப் பக்கத்திலேயே கொலையாளிகளின் பெயர் கல்லில் இருக்கிறது. நந்தினியும் பூங்குழலியும் கற்பனை, வந்தியத்தேவன் குந்தவையின் கணவன் என்பதோ தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலேயே உள்ளது. மகளைக் கூட்டிக்கொண்டு உடையார்குடிக்கும் தஞ்சைக்கும் போய்வாருங்கள்.

இனி பைண்டு. அந்தக் காலப் பத்திரிகைத் தாள் மரக்கூழில் செய்தது. அதிலேயே இருக்கிற அமிலம்தான் அதைப் பழுப்பாக்கிப் பொடியாக்குகிறது. செலோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள், லேமினேஷன் கூடாது. புதிதாக பைண்டு செய்யவும் கொடுக்காதீர்கள். ஓரத்தை வெட்டிச் சீராக்குவார்கள், அதோடு பாட்டி ஓரத்தில் ஏதாவது குறித்திருந்தால் அதுவும் போய்விடும். புத்தகத்தை முழுக்க மல்லாத்தாமல், பாதி விரித்த நிலையில் இரண்டு பக்கமும் தாங்கல் கொடுத்து, ஒவ்வொரு பக்கமாக மேலிருந்து படம் எடுங்கள். கதைக்கு நடுவே வந்த விளம்பரங்கள், மணியம் வரைந்த படங்கள் எதையும் விடாதீர்கள். பென்சில் தாள்களுக்கு நடுவே அமிலமில்லாத தாள் வைத்து, பரணில் இல்லாமல் வெக்கையும் ஈரமும் படாத அலமாரியில் வையுங்கள். பழைய பத்திரிகைகளைப் பாதுகாப்பதில் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு நீண்ட அனுபவம் உண்டு, அவர்களிடமும் யோசனை கேட்கலாம்.

எனக்கு ஒரே ஒரு உதவி செய்யுங்கள். பாட்டி எழுதிய அந்த அத்தியாயத்தை அச்சுப் பிரதியோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்தீர்களா? பார்க்காவிட்டால், ஒலிப்புத்தகம் அந்த இடத்துக்கு வரும்போது மகளைக் காதால் கேட்கச் சொல்லி, நீங்கள் பென்சில் எழுத்தைப் பின்தொடருங்கள். ஒரு சொல்லோ ஒரு வரியோ கூடுதலாக இருந்தால் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.