வைட்டமின் பட்டியலை விட்டுவிடுங்கள்

ஊட்டச்சத்து வகுப்பில் வைட்டமின் பட்டியலை ஸ்லைடில் ஓட்டினால் இரண்டாமாண்டு மருத்துவ மாணவர்கள் தூங்கிவிடுகிறார்கள், கையில் இருப்பதோ இரண்டு மணி நேரம் என்று எழுதியிருந்தீர்கள். சரி, பட்டியலைத் தூக்கிப் போடுங்கள். அது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது.

முதல் அரை மணி, இருவர் இருவராக உட்கார்ந்து, நேற்று காலையிலிருந்து என்னென்ன சாப்பிட்டோம் என்று ஒருவரை ஒருவர் விசாரிக்கட்டும். என் வகுப்பில் ஒரு பையன் எல்லாவற்றுக்கும் "கொஞ்சம்" என்றே எழுதினான். எவ்வளவு என்று காட்டச் சொன்னேன். இரண்டு கையும் அகல விரிந்தது, அத்தனை பெரிய "கொஞ்சம்". குடித்ததை யாரும் எழுதவே இல்லை!

மீதி நேரத்துக்கு ஒரே நோயாளி போதும்: பத்து நாளாகக் கிட்டத்தட்ட எதுவுமே சாப்பிடாதவர். உடனே குளுக்கோஸ் ஏற்றலாமா என்று கேளுங்கள். பலரும் தலையாட்டுவார்கள். அப்போது சொல்லுங்கள்: இன்சுலின் ஏறும், பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் மூன்றும் செல்லுக்குள் போய்விடும், ரத்தத்தில் அளவு சரியும், இதயத் துடிப்பே தடுமாறலாம். அதனால்தான் முதலில் தயமின் (வைட்டமின் பி1), அப்புறம் கலோரி, அதுவும் மெல்ல மெல்ல. உயிர்வேதியியலில் உருப்போட்டது எதற்கு என்று அங்கேதான் பிடிபடும்.

நேரம் மிஞ்சினால் சர்க்கரை நோய் மருந்தான மெட்ஃபார்மினால் வைட்டமின் பி12 குறைவதையும், ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரினோடு வைட்டமின் கே மல்லுக்கட்டுவதையும் தொட்டுவிடுங்கள்.