இடத்திலேயே கொட்டகை போட்டுத் தங்கி வீடு கட்டலாமா?

கேள்வி: உச்சிப்புளிப் பக்கம் கடலோரக் கிராமத்தில் எங்களுக்கு 20 சென்ட் இடம் இருக்கிறது, பனையும் சீமைக்கருவேலமுமாக. கணவர் துபாயிலிருந்து வந்துவிட்டார், தை மாதம் வீட்டு வேலை ஆரம்பம். இடத்திலேயே தகரக் கொட்டகை போட்டுத் தங்கினால் வாடகை மிச்சம் என்கிறார். ஓரகத்தி தன் வீட்டுக்குக் கூப்பிடுகிறார். எனக்கு ராமநாதபுரத்தில் வாடகைக்குப் போகத்தான் ஆசை. எட்டாம் வகுப்பு படிக்கும் மகளும் முழங்கால் வலியுள்ள மாமியாரும் உடன் இருக்கிறார்கள். என்ன செய்யலாம்? (பெயர் வேண்டாம்)

பதில்: தங்கச்சி, மூன்றுமே வேண்டாம். உச்சிப்புளியிலேயே, இடத்துக்கு டூவீலரில் போய் வருகிற தூரத்தில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்குப் பிடியுங்கள். உங்கள் கணவர் மட்டும் இடத்தில் படுக்கட்டும்.

காரணம் தண்ணீர். உங்கள் பக்கத்து மணலில் மேலாகத் தோண்டினால் நல்ல தண்ணீர், ஆழம் போனால் உப்பு என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்த நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிசாக மிதந்துகொண்டிருக்கிறது, மோட்டார் போட்டு நாள் முழுக்க இழுத்தால் அடியிலிருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். கட்டட வேலை என்றால் கலவைக்கு, செங்கல் நனைக்க, அப்புறம் கான்கிரீட்டுக்குத் தண்ணீர் விட என்று இழுத்துக்கொண்டேதான் இருக்க வேண்டும், கடையில் கிடைக்கும் பிபிசி (PPC, சாம்பல் கலந்த) சிமென்ட்டுக்குக் குறைந்தது 10 நாளாவது ஈரம் காயவே கூடாது. அதே கிணற்றில் நாலு பேர் குடித்து, குளித்து, சமைத்தால் வீட்டுக்கும் காணாது, வேலைக்கும் காணாது. தண்ணீர் கரித்துப்போன பிறகும் மேஸ்திரி அதையே ஊற்றுவார், அவரைக் குறை சொல்ல முடியாது, இருப்பது அதுதானே. ஆனால் கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு உள்ள தண்ணீர் ஆகாது, உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பி, சில வருஷத்தில் சீலிங் பெயர்ந்து விழும். எனவே அஸ்திவாரத்துக்கு முன்பே ஒரு பாட்டில் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். தேறாவிட்டால் லாரித் தண்ணீர்தான், அந்தச் செலவை இப்போதே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

இடத்தில் முதலில் எழும்ப வேண்டியது ஒரு கக்கூஸும், மூலையில் பத்துக்குப் பன்னிரண்டில் ஒரு அறையும். தகரம் வேண்டாம், சித்திரை வெயிலில் உள்ளே உட்கார முடியாது. ஹாலோ பிளாக் வைத்து, தரையை இரண்டடி உயர்த்தி, மேலே சிமென்ட் ஷீட்டைக் கொக்கி போல்ட்டால் இறுக்கிவிடுங்கள். கடல் காற்றின் ஈரத்தில் சிமென்ட் மூட்டை சீக்கிரம் கட்டி தட்டும், அதனால் பலகை மேல் சுவரைத் தொடாமல் அடுக்க ஒரு பக்கம், உங்கள் கணவர் கட்டில் போட ஒரு பக்கம். கம்பிக்கும் காவல் ஆச்சு. கருவேலத்தை வேரோடு எடுத்துவிட்டுப் படுக்கச் சொல்லுங்கள், புதருக்குள் விரியன் இருக்கும். கக்கூஸ் குழி கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி இருக்கட்டும், மணலில் அழுக்கு சீக்கிரம் இறங்கும்.

ஓரகத்தி மனசார கூப்பிட்டிருப்பார், சந்தேகமில்லை. ஆனால் தையில் தொடங்கும் வேலை ஐப்பசி மழைக்குள் முடியும் என்று நம்பாதீர்கள். மாதக்கணக்கில் ஒரே அடுப்படி என்றால் எவ்வளவு நல்ல உறவிலும் உரசல் வரும். ஒரு வாரம் போய் இருந்துவிட்டு வாருங்கள், அது போதும். வாடகையை மட்டும் ஒரு வருஷத்துக்குப் பேசிவிடுங்கள், மழைக்காலத்தில் பாதி வீட்டுக்குள் குடியேறும் நிலை வரக்கூடாது, 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் வந்த கரை இது. மாமியாருக்கு ராத்திரி எழுந்தால் நாலடியில் கக்கூஸ் வேண்டும். மகள் வயசுக்கு வரும் காலம், கதவு தாழ்ப்பாள் உள்ள குளியலறை அவளுக்குக் கட்டாயம்.

இடம் கடலுக்கு எவ்வளவு தூரம் என்று நீங்கள் எழுதவில்லை. ஓத எல்லையிலிருந்து, அதாவது கடல் ஏறும்போது தண்ணீர் வந்து தொடும் கோட்டிலிருந்து, 500 மீட்டருக்குள் என்றால் பஞ்சாயத்து அனுமதி மட்டும் போதாது, கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி இருக்கிறது. அந்த மூலை அறைக்கு அஸ்திவாரம் தோண்டும் முன்பே அதை விசாரித்துவிடுங்கள்.

கரண்ட் முதலில் தற்காலிக இணைப்பாகத்தான் கிடைக்கும், யூனிட் விலை வீட்டு இணைப்பைவிட அதிகம். இடத்தில் மோட்டார், ஒரு லைட், ஒரு ஃபேன் போதும். ஃபிரிட்ஜும் கிரைண்டரும் வாடகை வீட்டிலேயே இருக்கட்டும்.