ஆங்கிலமே சுமார்தான், பல்கலைக்கழகத் தீவிர வகுப்பில் ஜெர்மன் படித்துவிட முடியுமா?

முடியும். நர்சிங் முடித்திருக்கிறேன், ஆங்கிலமே தடுமாற்றம், இதில் இன்னொரு மொழி ஏறுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே பயம் எனக்கும் இருந்தது. நாகர்கோவில் பக்கத்துக் கிராமம், தமிழ் மீடியம். திருவனந்தபுரத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் தீவிர வகுப்பில் சேர்ந்தபோது தமிழையும் கொஞ்சம் மலையாளத்தையும் நம்பித்தான் போனேன்.

தினமும் நாலு மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள். ஒரு நாள் காய்ச்சலில் படுத்தாலும் மறுநாள் பாதி புரியாது. அதனால் லீவு மட்டும் போடாதீர்கள்.

ஆரம்பத்தில் எல்லாவற்றையும் ஆங்கிலத்துக்கு மாற்றி, அங்கிருந்து ஜெர்மனுக்குக் கொண்டுபோனேன். அதுதான் தப்பு. எனக்குக் குளிருது என்பதை ஆங்கிலப் பழக்கத்தில் 'இஷ் பின் கால்ட்' என்று எழுதினேன். டீச்சர் அடித்துவிட்டு 'மிர் இஸ்ட் கால்ட்' என்று திருத்தினார். மிர் என்றால் எனக்கு. 'எனக்குக் குளிரா இருக்கு' என்று நாம் சொல்வதேதான்! உனக்கு உதவுகிறேன் என்பதும் அப்படியே: 'இஷ் ஹெல்ஃபெ டிர்'. டிர் என்றால் உனக்கு. எனக்குப் பிடிக்கும், எனக்குச் சொந்தம், இங்கெல்லாம் அந்த மிர்தான். நமக்கு எட்டு வேற்றுமை, அவர்களுக்கு நாலுதான். ஐ, ஆல், கு என்று பள்ளியில் ஒப்பித்தவர்களுக்கு இது புதுசே இல்லை. நீ, நீங்கள் வித்தியாசமும் அங்கே உண்டு: டு, ஸீ.

'வைல்' என்று காரணம் சொல்லத் தொடங்கினால் வினைச்சொல் நம்ம வாக்கியம் மாதிரியே கடைசிக்குப் போய்விடும். ஆனால் சாதாரண வாக்கியத்தில் வினை இரண்டாம் இடத்தில்தான் நிற்க வேண்டும். இங்கே தமிழ் கைகொடுக்காது, பழகத்தான் வேண்டும்.

உண்மையிலேயே கஷ்டப்படுத்தியது பெயர்ச்சொற்களின் பால். கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி இரண்டுமில்லை. சிறுமியைக் குறிக்கும் 'மேட்ஷென்' அவர்களுக்கு அஃறிணை மாதிரி, 'ஷென்' என்று முடிவதால். காரணம் தேடாமல், பாலைக் காட்டப் பெயருக்கு முன்னால் வரும் டெர் (ஆண்பால்), டீ (பெண்பால்), டாஸ் (இரண்டுமில்லாதது) மூன்றில் எது என்பதைச் சொல்லோடு ஒட்டியே மனப்பாடம் செய்யுங்கள். 'உங்' என்று முடியும் பெயர்கள் ஏறக்குறைய எல்லாமே பெண்பால். இப்படிச் சில விகுதிகள் தெரிந்தால் சுமை குறையும்.

எனக்குப் பாதி வகுப்பு ரயிலில்தான் நடந்தது. ஏறுவது 'ஐன்ஷ்டைகென்', இறங்குவது 'அவுஸ்ஷ்டைகென்'. வாக்கியத்தில் வந்தால் இந்த வினை இரண்டாக உடைந்து, முன்பாதி கடைசிக்கு ஓடிவிடும்: 'இஷ் ஷ்டைகெ இன் நாகர்கோவில் ஐன்'. இரணியல், குழித்துறை, பாறசாலை என்று ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் நானும் என் தோழியும் மாறி மாறிச் சொல்வோம். இன்றும் அந்த வினைகள் எனக்குத் தப்பாது.

அப்புறம் ஒரு சந்தோஷம். 1809-இல் எங்கள் பக்கத்து மயிலாடியில் ஆலயம் கட்டிய கிறிஸ்தவ மிஷனரி ரிங்கல்தௌபே ஜெர்மானியர் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். 'டௌபெ' என்றால் புறா என்று வகுப்பில் வந்த அன்றுதான் அந்தப் பெயர் திறந்தது. ரிங்கல்டௌபெ என்பது கழுத்தில் வளையம் போல வெள்ளைக் குறியுள்ள காட்டுப்புறா. நீளமான ஜெர்மன் சொல்லைப் பார்த்தால் இப்படிப் பிரித்துப் பாருங்கள். நாம் கை, உறை சேர்த்துக் கையுறை என்கிறோம், அவர்கள் கைச்செருப்பு என்கிறார்கள்.

முதல் நிலையான ஏ1 தேர்வில் கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது நான்கும் உண்டு. ஜெர்மன் மொழிக்கான கோத்தே நிறுவனத்தின் தேர்வில் நூற்றுக்கு 60 எடுத்தால் தேர்ச்சி. நர்ஸ் வேலைக்குப் பெரும்பாலும் நாலாவது நிலையான பி2 வரை போக வேண்டியிருக்கும், அதற்கு மாதங்கள் ஒதுக்கி வையுங்கள்.

வகுப்பு தொடங்க நாள் இருந்தால் எண்களை மட்டும் இப்போதே பழகுங்கள். இருபத்தொன்றை அவர்கள் ஒன்றும் இருபதும் என்பார்கள். கேட்கும் பகுதியில் விலையும் போன் நம்பரும் வேகமாக வரும், பேனா தானாகத் திருப்பி எழுதிவிடும். வீட்டில் காய்கறிக் கணக்கையே ஜெர்மனில் சொல்லிப் பாருங்கள்.