‘ஒரிஜினல்’ என்று வாங்கிய யெஸ்டி டாங்க் ஒழுகுகிறது, பெயிண்ட் அடித்த பிறகு பணம் கிடைக்குமா?

கேள்வி: அப்பா ஓட்டிய 1984 மாடல் யெஸ்டி ரோட்கிங் பைக்கைப் புதுப்பிக்கிறேன். டெல்லி வியாபாரி ஒருவரிடம் வாட்ஸ்அப்பில் பேசி, டாங்க்கும் இரண்டு சைடு பேனலும் 14,500 ரூபாய்க்கு வாங்கினேன். ‘பழைய கம்பெனி ஸ்டாக், ஒரிஜினல்’ என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். மார்த்தாண்டத்தில் சிவப்புப் பெயிண்ட் அடித்து மாட்டினேன். மறுநாளே அடிப்பக்க வெல்டிங் வழியாகப் பெட்ரோல் கசிந்தது. இது பழையதைப் பார்த்துப் புதிதாகச் செய்த ரீப்ரோ (நகல்) டாங்க் என்கிறார் மெக்கானிக். வியாபாரியோ, ‘பெயிண்ட் அடித்ததைத் திருப்பி எடுக்க மாட்டோம், உங்கள் ஊர் கடற்காற்றில் துருப்பிடித்திருக்கும், கேஸ் போட டெல்லிக்கு வா’ என்கிறார். டாங்க்கில் கம்பெனி முத்திரை இருப்பதால் எனக்குச் சிக்கல் வருமா?
- வாசகர், குளச்சல்

பதில்: டெல்லிக்குப் போக வேண்டாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆவது பிரிவுப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். உங்களுக்கு நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. (சக வக்கீல்கள் என்னை முறைக்கட்டும்.) இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

உங்கள் புகாரில் இரண்டு குறைகள் கலந்து கிடக்கின்றன. ரீப்ரோ டாங்க் விற்பது தவறல்ல. யெஸ்டி தயாரித்த மைசூர் தொழிற்சாலை 1996இல் மூடிய பிறகு, ரீப்ரோ இல்லாமல் பல யெஸ்டிகள் ரோட்டுக்கே வந்திருக்காது. அதை ஒரிஜினல் என்று சொல்லி விற்றதுதான் தவறு. அதற்குச் சாட்சி அந்த வாய்ஸ் மெசேஜ். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். கசிவு தனிக் குறை. ரீப்ரோ என்று சொல்லியே விற்றிருந்தாலும் பெட்ரோல் நிற்காத டாங்க், டாங்க் ஆகாது. பில்லில் வேறு கெடு போடாவிட்டால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதையே முறையற்ற வணிகம் என்கிறது சட்டம்.

பெயிண்ட்தான் உங்கள் வழக்கில் வலுக்குறைந்த இடம். டிங்கரிங்கில் தட்டியபோது வெல்டிங் விட்டது என்பார்கள். அதனால் ஈயம் வைத்து அடைக்கவோ திரும்பப் பட்டி பார்க்கவோ அவசரப்படாதீர்கள். பெட்ரோலை முழுக்க வடித்து, டாங்க்கைக் கழற்றி, மெக்கானிக்கை வைத்து சோப்புத் தண்ணீர் தடவிக் காற்று விட்டுப் பாருங்கள். குமிழ் எந்த இடத்தில் வருகிறது என்பது வீடியோவில் தெளிவாகத் தெரிய வேண்டும். மூடி வழியாக டார்ச் அடித்து உட்பக்கத்தையும் படமெடுங்கள். கடற்காற்று வெளித்தகட்டைத்தான் முதலில் தின்னும். புதுப் பெயிண்டுக்குக் கீழே வெல்டிங் ஓட்டையை அது ஒரே இரவில் உண்டாக்காது. பெயிண்டரும் மெக்கானிக்கும் தங்கள் கையில் வந்தபோது டாங்க் எப்படி இருந்தது என்று பிரமாணப் பத்திரம் தந்தால் நல்லது. தேவைப்பட்டால் ஆணையமே ஆய்வகத்துக்கு அனுப்பும். அந்தச் செலவை முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டும்.

சரி, முதலில் நோட்டீஸ். வியாபாரியின் முகவரிக்கு கூரியர் சீட்டைப் பாருங்கள். பில்லில் ஜிஎஸ்டி எண் இருந்தால் அதை வைத்தும் முகவரி எடுக்கலாம். டாங்க் விலை, பெயிண்ட் கூலி, அனுப்பும் செலவு எல்லாம் கேட்டு, 15 நாள் அவகாசம் கொடுத்து ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள், வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம். இந்தத் தொகைக்கு நோட்டீஸோடு பேசி முடிந்தால் அதுவே லாபம் என்பது என் கருத்து. வழக்கை முடிக்கச் சட்டத்தில் மூன்று மாதம், ஆய்வு தேவைப்பட்டால் ஐந்து மாதம் என்று இருந்தாலும், நடப்பில் அதைவிட இழுக்கும்.

சைடு பேனலைப் பற்றி நீங்கள் குறை எதுவும் எழுதவில்லை. நன்றாகப் பொருந்துகிறது என்றால் வழக்கில் இழுக்காதீர்கள்.

சொந்த வண்டிக்கு வாங்கிய உங்கள் மீது முத்திரைக்காக வழக்கு வராது. போலி வணிகக் குறியிட்ட பொருளைத் தெரிந்தே விற்பதும், விற்க வைத்திருப்பதும்தான் குற்றம். அதனால் நாளைக்கு இந்த டாங்க்கை ‘ஒரிஜினல்’ என்று நீங்கள் இன்னொருவருக்குத் தள்ளிவிட வேண்டாம். எஞ்சின் எண், சேஸிஸ் எண் எதுவும் டாங்க்கில் கிடையாது என்பதால் ஆர்டிஓ பக்கம் அதனால் தொல்லை இல்லை. ஆனால் ஆர்சியில் கறுப்பு என்று இருந்து வண்டி இப்போது சிவப்பாகியிருந்தால், அதை ஆர்டிஓ அலுவலகத்தில் தெரிவித்துப் பதிந்துகொள்ளுங்கள்.